கடைசி பெஞ்சில் மட்டும் கேட்கும் குரல்

மூக்கண்டப்பள்ளி
10.11.2025

அடியே ஜோதிமணி,

நலம், நலமறிய ஆவல் என்பதையெல்லாம் தமிழ்ப் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியாச்சு. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நீ ஊரை விட்டுப் போன ஜூனுக்குப் பிறகு இப்போதுதான் எழுதுகிறேன். திட்டுவதானால் திட்டிக்கொள், எழுத்தில் திட்டினால் எனக்கு ஒரு சொல்லும் தவறாது. ஹாஸ்டலில் போன் கூடாது, ஞாயிற்றுக்கிழமை வார்டன் போனில் பேசலாம் என்று உங்க அம்மா போகும்போது சொன்னாங்க. போனில் உதடு தெரியாது. உதடு இல்லாத பேச்சு எனக்கு வெறும் கொசு. 'கேட்டால் கிடைக்கும்' என்று ஊரில் சொல்வார்கள், எனக்குக் கேட்டால்தானே கிடைக்க!

கணக்கு கிருஷ்ணப்பன் சார் இறந்துபோன செய்தி உனக்கு வந்திருக்கும். காலாண்டு லீவில், வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்விட்டார். அவரோடு என் கழுத்து மைக்கும் போய்விட்டது. ஐடி கார்டு மாதிரி அவர் மாட்டிக்கொள்வாரே, அவர் பேசுவது காற்றில் வந்து என் காது மெஷினுக்குள் நேராக இறங்குமே, அதுதான். வகுப்பே சந்தையாக இருந்தாலும் அவர் குரல் மட்டும் எனக்குத் தனி டியூஷன் எடுக்கும். நீ பக்கத்தில் கார்பன் தாள் வைத்து எனக்கும் சேர்த்து நோட்ஸ் எழுதுவாய், நான் சார் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். ராஜபோகம்!

அதை அணைக்க மறந்து அவர் பள்ளி கேட்டுக்கு எதிர் டீக்கடையில் வடைக்குச் சண்டை போட்டதும், நான் வகுப்பில் உட்கார்ந்துகொண்டே உனக்கு நேர்முக வர்ணனை கொடுத்ததும் ஞாபகம் இருக்கிறதா? சில நாள் ஸ்டாஃப் ரூமில் நோட்டுத் திருத்தும்போது வேண்டுமென்றே ஆன் செய்துவிட்டு, "ருக்ஸாரு, மூணாவது கணக்குல மைனஸை முழுங்கிட்டியே, செரிக்குமா?" என்பார். நான் இங்கே ஆளில்லாத திசையைப் பார்த்து "சாரி சார்" என்பேன். எல்லாரும் என்னைப் பைத்தியம் மாதிரி பார்ப்பார்கள்.

இப்போது மைக் எங்கே என்று ஒருவருக்கும் தெரியாது. வீட்டில் இருக்கலாம். ஆனால் எழவு வீட்டில் போய்ச் சாமான் கேட்பார்களா? வருஷம் திரும்பும்வரை அவர் பொருள் எதுவும் வாசல்படி தாண்டக்கூடாது என்பது அவர்கள் வழக்கமாம். ஹெச்.எம். சொல்லிவிட்டார்: "பத்தாவது பரீட்சை முடியட்டும்மா, மெதுவாக் கேக்கலாம்." பரீட்சை முடிந்தபிறகு எனக்கு மைக் எதற்கு, கல்யாண வீட்டில் பாட்டுப் பாடவா? புதன்கிழமை மட்டும் வரும் நம் சிறப்பாசிரியர் தஸ்லிம் மிஸ் புதிது கேட்டு எழுதிப் போட்டிருக்கிறார். அது வர அடுத்த வருஷமாகும்.

புதுக் கணக்கு சார் குருமூர்த்தி. பலகையைப் பார்த்துக்கொண்டே பேசுவார். திரும்பினாலும் மீசைக்குள் உதடு, உதட்டுக்குள் கணக்கு. போன டெஸ்டில் ஃபெயில். அத்தா அதிகம் பேசவில்லை. "கணக்குல போச்சுன்னா கம்பெனி பஸ்ல ஏத்திடுவேன், பாத்துக்கோ" என்று மட்டும் சொன்னார். அந்த பஸ் நம் தெருமுனையில் வந்து நிற்பதை நீ பார்த்திருக்கிறாய். ஏறும் பெண்களுக்கெல்லாம் ஒரே கலர் கோட்டு, ஒரே மாதிரி தூக்கம்.

அதற்கும் மேலே ஒன்று, அதற்காகத்தான் எழுதினேன். சேட்டைக்குத் தண்டனையாக என்னைக் கடைசி பெஞ்சில் மதில் பக்க ஜன்னலோரம் தள்ளியிருக்கிறார்கள். இன்று மதியம் எல்லாரும் சாப்பிடப் போய்விட்டார்கள். நான் தனியாக இருந்தேன். காதுக்குள் 'டிக்' என்றது. சார் மைக்கை ஆன் செய்யும்போது வருமே, அதே டிக். பிறகு சட்டைத்துணி உரசும் சத்தம். பிறகு ஒரு பெண் குரல்: "ஏமண்டி..."

தெலுங்கு வீட்டில் புருஷனைக் கூப்பிடுவதுபோல. கொஞ்ச நேரம் கழித்துத் தமிழில், "சாப்ட்டீங்களா?"

திரும்பினேன், யாருமில்லை. மெஷினைக் கழற்றினேன், நின்றது. மாட்டினேன், மூச்சுச் சத்தம் வந்தது.

செத்தது சார். பேசுவது பொம்பளை. எந்தக் கணக்கில் இதைச் சேர்ப்பது?

சிரிக்காதே. நிஜமாகவே பயமாக இருக்கிறது.

ருக்ஸார்


கிருஷ்ணகிரி
16.11.2025

ருக்ஸாருக்கு,

உன் கடிதத்தை வார்டன் பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுத்தார். எந்தப் பிள்ளை எட்டிப் பார்த்ததோ தெரியவில்லை, ஆறாம் வகுப்புக்காரிகள் இப்போது துணையில்லாமல் பாத்ரூம் போவதில்லை. நான்தான் கூட்டிப்போகிறேன். நன்றி.

கிருஷ்ணப்பன் சார் இறந்தது எனக்குத் தெரியாது. உன் கடிதத்தைப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். "செய்தி உனக்கு வந்திருக்கும்" என்று எழுதியிருக்கிறாய். யார் மூலம் வரும்? அப்பாவுக்கு வேலை போய் நாங்கள் குருபரப்பள்ளிக்கு வந்தபிறகு மூக்கண்டப்பள்ளியிலிருந்து ஒரு ஆளும் எட்டிப் பார்க்கவில்லை. சார் எனக்கு ஒரு ஜியாமெட்ரி பாக்ஸ் கொடுத்தார். அதைத் திறந்து வைத்துக்கொண்டு அரை நாள் உட்கார்ந்திருந்தேன். வார்டன் காய்ச்சலா என்று கேட்டார்.

நாங்கள் பஸ் ஏறிய அன்றைக்கு நீ வருவாய் என்று நினைத்தேன். டிரைவரிடம் சொல்லி அப்பா கொஞ்ச நேரம் வண்டியை நிறுத்தியும் பார்த்தார். நீ வரவில்லை. இவ்வளவு நாள் ஒரு வரி இல்லை. இப்போது பேய் வந்ததும் என் ஞாபகம் வந்திருக்கிறது. இல்லை, நோட்ஸ் எழுத ஆள் இல்லை என்றதும் வந்ததா? நான் உனக்குத் தோழியா, கார்பன் தாளா என்று ஒருமுறை யோசித்துச் சொல்.

பேய் விஷயம். அது மெஷின். மெஷினுக்கு ஒரு எல்லை உண்டு. பேனா கீழே விழுந்தாலே நீ கத்துவாய், இதை மட்டும் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தாயா? எழுந்து நட. எங்கே நின்றால் அதிகம், எங்கே போனால் குறைவு என்று பார். இதைச் சொல்லிக்கொடுத்தவரே சார்தான்.

ஜோதிமணி


மூக்கண்டப்பள்ளி
24.11.2025

துப்பறியும் ஜோதிமணி அவர்களுக்கு,

முதலில் சார் விஷயம். உனக்குச் சொல்லியிருப்பார்கள் என்றுதான் நினைத்தேன். நினைத்தது தப்பு. வேறு என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

நீ சொன்னபடி நடந்தேன். முதல் பெஞ்சில் ஒன்றுமில்லை. நடு வரிசையில் கரகரப்பு. கடைசி பெஞ்சு ஜன்னலில் பேச்சு. வெளியே குடிதண்ணீர்க் குழாய்ப் பக்கம் மதிலை ஒட்டிப் போனால் குக்கர் விசில் வரைக்கும் துல்லியம். மதிலுக்கு அந்தப் பக்கம் யார் வீடு? கிருஷ்ணப்பன் சார் வீட்டுப் பின்கட்டு!

குழாய் மேடையில் ஏறி எட்டிப் பார்த்தேன். பின்கதவு திறந்திருந்தது. உள்ளே மாலை போட்ட சார் படம். அதற்குக் கீழே ஆணியில் அவருடைய நீலக் கட்டம் போட்ட சட்டை. சட்டைக் காலரில் என் மைக், பச்சைப் புள்ளி எரிந்துகொண்டு.

நாகம்மா அம்மா, சார் வீட்டுக்காரம்மா, அதன்முன் நின்று பேசிக்கொண்டிருந்தாங்க. அது என்ன சாமான் என்று அவங்களுக்குத் தெரியாது போல. சார் ராத்திரி சார்ஜில் போடுவார், காலையில் ஆன் செய்து மாட்டுவார். அந்தம்மாவும் மதியத்துக்கு மதியம் அப்படியே செய்றாங்க, விளக்கேற்றுவது மாதிரி. அது இந்தப் பக்கம் ஒரு அரைச்செவிட்டின் காதில் வந்து கொட்டுகிறது!

பேய் போச்சு. ஆனால் வந்த பேயைச் சும்மா அனுப்பலாமா? கேள்.

வியாழக்கிழமை அந்தம்மா சட்டையிடம், "கொடையை ஸ்டாஃப் ரூம் பீரோ சந்துல சொருகிட்டு வந்துட்டீங்களே, மழை வந்தா என்னா பண்றது" என்றாங்க. நான் வகுப்பில் எழுந்து நின்றேன். கண்ணை மேலே செருகினேன். "சார் பேசறாரு... பீரோ சந்துல... கொடை..." என்றேன். சாஜித் ஓடினான். குடையோடு திரும்பி வந்தான்! அவன் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், சுண்ணாம்பு அடித்த சுவர். அடுத்த நாள் "சார் உன் கணக்கு நோட்டைக் கேக்கறாருடா" என்றேன். பிறந்ததிலிருந்து முதல்முறையாக வீட்டுப்பாடம் முடித்துவிட்டான்.

குருமூர்த்தி சார் சட்டைப்பையில் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டு வருகிறார். "சார், அந்த மைக் கெடச்சா நீங்க மாட்டிக்குவீங்கதானே?" என்று கேட்டுப் பார்த்தேன். "என்னாத்துக்குமா? செத்தவரு பேசற சாமானு. ஹெச்.எம். சொன்னாக்கூட நான் தொடமாட்டேன்" என்றார். ஸ்டாஃப் ரூமே ஆமாம் போட்டது. நான் சிரித்துவிட்டு வந்தேன். வீட்டுக்கு வந்தபிறகுதான், இதில் சிரிக்க என்ன இருக்கிறது என்று பட்டது.

இன்னொன்று. நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். மதியம் நான் இப்போது யாரோடும் சாப்பிடுவதில்லை. டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுகிறேன். அந்தம்மா ரசத்தில் உப்பு கூடியதைச் சொல்றாங்க. "தலகாணி ரெண்டையும் போட்டுத்தான் படுக்கறேன்" என்றாங்க. ஒவ்வொன்றுக்கும் பிறகு கொஞ்சம் நிறுத்தறாங்க. சார் பதில் சொல்ல எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு. பிறகு "ம்" என்று அடுத்ததுக்குப் போறாங்க.

அந்த இடைவெளியில் எனக்குச் சோறு இறங்குவதில்லை. ஆனாலும் போகிறேன். ஏன் போகிறேன் என்று தெரியவில்லை.

நீ கார்பன் தாள் இல்லை. அசல்.

ருக்ஸார்


கிருஷ்ணகிரி
30.11.2025

ருக்ஸாருக்கு,

கடைசி வரியில் ஒரு ஐஸ் வைத்தால் மீதியை நான் மறந்துவிடுவேன் என்று நினைத்தாயா?

எங்க அப்பாவைப் பற்றி உனக்குச் சொன்னதில்லை. கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்தது என்று அனுப்பிவிட்டார்கள். இப்போது ஹைவேயில் பஞ்சர் கடை. ஆனால் காலை ஷிஃப்ட் நேரத்துக்கு எழுந்துவிடுவார். குளித்து, கம்பெனி சட்டையைப் போட்டு, கடை வாசலில் பஸ்ஸுக்கு நிற்பவர்போல நிற்பார். பஸ் வராது என்று அவருக்குத் தெரியும். கொஞ்ச நேரம் கழித்துச் சட்டையை மாற்றிக்கொண்டு வேலையை ஆரம்பிப்பார். லீவில் வீட்டுக்குப் போனால் நானும் அம்மாவும் அதைப் பார்க்காததுபோல உள்ளே இருப்போம். யாராவது ஒளிந்து நின்று அதைப் பார்த்து, ஊரைக் கூட்டி வித்தை காட்டினால், நான் கல்லெடுத்து அடிப்பேன்.

உன் மேல் எடுக்கவில்லை, தூரத்தில் இருப்பதால்.

சார் உனக்காக அந்த மைக்கைக் கழுத்தில் மாட்டினார். அதை வைத்து அவர் பெண்டாட்டி பேச்சை நீ திருடி, அவரையே பேயாக்கிவிட்டாய். இப்போது அதைத் தொட ஒரு வாத்தியாரும் இல்லை. மார்ச்சில் பரீட்சை. குருமூர்த்தி சார் மீசையைப் பார்த்தே பாஸாகப் போகிறாயா?

போய்ச் சொல். மைக்கைக் கேள். சொல்லாதவரைக்கும் எனக்கு எழுதாதே.

ஜோதிமணி


மூக்கண்டப்பள்ளி
11.12.2025

ஜோதிமணி,

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை. திருப்பி அனுப்பிவிடாதே, படி.

போன வியாழக்கிழமை சொல்லலாம் என்றுதான் இருந்தேன். சத்தியமாக. அதற்குள் அவங்களே பள்ளிக்கூடத்துக்கு வந்துட்டாங்க. ஊரெல்லாம் பரவிவிட்டது, சார் பேசுகிறார் என்று. சாஜித் அம்மா ரேஷன் கடையில் சொல்லி, அது அவங்க காதுக்குப் போயிருக்கிறது. எல்லார் காதும் எவ்வளவு நன்றாக வேலை செய்கிறது பார்.

மரத்தடிக்கு என்னைக் கூப்பிட்டாங்க. ஒல்லியாகிவிட்டாங்க. என் கையைப் பிடித்துக்கொண்டு பேச ஆரம்பித்தாங்க, பேசும்போதே அழுதாங்க. எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. அழுகிறவர்கள் உதட்டைப் படிக்க முடியாதுடி. உதடு கோணிக்கொள்ளும், எல்லா எழுத்தும் ஒரே எழுத்தாகிவிடும். "மறுபடி சொல்லுங்கம்மா" என்று நான் ரெண்டு முறை கேட்க வேண்டியதாயிற்று. ஒரு மனுஷியை அழுதுகொண்டே அதே வாக்கியத்தைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தேன்.

மூன்றாவது முறை புரிந்தது.

"எங்கிட்ட பேசமாட்டேங்கறாரு கண்ணு. உங்கிட்ட பேசறாராமே. என்னா சொல்றாரு?"

அவங்க முகத்தையே பார்த்தேன். அந்த இடைவெளி தெரியும் எனக்கு, தினமும் மதியம் கேட்கிறேனே, பதிலுக்காக நிறுத்தும் இடைவெளி. அது இப்போது என் எதிரில் நின்றுகொண்டிருந்தது. நான் சொன்னேன்:

"சாப்ட்டேன்னு சொன்னாருங்கம்மா."

அவங்க முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாங்க. "கேட்டுச்சா அவருக்கு? நான் கேட்டது கேட்டுச்சா?" என்றாங்க. என் தலையைத் தடவிவிட்டுப் போனாங்க.

பொய் சொன்னேன் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சாப்பாடு பற்றிய ஒரு சின்ன வார்த்தை, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் அடுத்த நாளிலிருந்து அந்தக் குரல் மாறிவிட்டது. முன்பெல்லாம் மதியம் மட்டும் வரும், இப்போது நாள் முழுக்க வருகிறது. தமிழ்ப் பாடத்தில் வருகிறது, அறிவியலில் வருகிறது, அரையாண்டுப் பரீட்சை எழுதும்போது வருகிறது. "அந்தப் புள்ளைகிட்ட சொல்றீங்க, எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லக்கூடாதா? நான் என்னா தப்பு பண்ணேன்?" என்று. இந்த வாக்கியத்தை நான் சமூக அறிவியல் தாளில் பாதி எழுதிவிட்டு அடித்தேன்.

நேற்று அவங்க மகன் ஆனந்தராஜ் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். தன்னோடு கூட்டிப்போக. "நான் வரலடா. அப்பா ஸ்கூல்ல பேசறாரு. இன்னிக்கி இல்லாட்டி நாளைக்கி எங்கிட்டயும் பேசுவாரு. நான் போயிட்டா அவரு யாரைத் தேடுவாரு?" என்றாங்க. அவர் கத்தினார். பாத்திரம் ஏதோ விழுந்தது. பிறகு வண்டி கிளம்பும் சத்தம். பிறகு அவங்க சட்டைக்குப் பக்கத்தில் வந்து, மிகப் பக்கத்தில் வந்து, என் காதுக்குள்ளேயே நின்றுகொண்டு, ஒன்றும் பேசாமல் மூச்சுவிட்டாங்க.

ஜோதிமணி, அவங்க சாப்பிடறாங்களா என்றே தெரியவில்லை. குக்கர் விசில் கேட்டு நாளாச்சு.

மெஷினைக் கழற்றி வைத்தால் பாடம் போகும். மாட்டிக்கொண்டால் அவங்க வர்றாங்க. முன் பெஞ்சில் போய் உட்கார்ந்தும் பார்த்தேன். அங்கே ஒன்றும் கேட்காது என்று எனக்குத் தெரியும். ஆனாலும் கேட்டது. இதை தஸ்லிம் மிஸ்ஸிடம் சொன்னால் மெஷின் ரிப்பேர் என்று வாங்கிக்கொள்வார்.

உன்னை வழியனுப்ப ஏன் வரவில்லை என்று கேட்டிருந்தாய். வந்தேன். பஸ் ஸ்டாண்ட் கழிப்பறைப் பக்கம் நின்றிருந்தேன். ஜன்னலில் நீ அழுதுகொண்டு அம்மாவிடம் ஏதோ சொன்னாய். எனக்குப் படிக்க முடியவில்லை. அதுதான் உன்னிடமிருந்து கடைசியாக எனக்கு வரப்போகும் வார்த்தை, அது புரியாமலே போகப்போகிறது என்று தோன்றியது. திரும்பி வந்துவிட்டேன்.

ருக்ஸார்


கிருஷ்ணகிரி
18.12.2025

ருக்ஸாருக்கு,

இந்த உறையில் கணக்கு நோட்ஸ் வைத்திருக்கிறேன். முக்கோணவியல் முழுதும். இங்கேயும் அதே பாடம்தானே, அடியில் கார்பன் வைத்து எழுதிவிட்டேன். நீலம் மங்கலாக இருக்கும் இடங்களில் பேனாவால் மேலே எழுதியிருக்கிறேன். வாரம் ஒன்று வரும். இதைப் பற்றி ஒன்றும் எழுதாதே.

நீ கழிப்பறைப் பக்கம் நின்றதை வார்டன் போனில் அப்பாவிடம் சொன்னேன். "நான் பாத்தேன். அதுக்காகத்தான் வண்டிய நிறுத்தச் சொன்னேன்" என்றார். எங்கள் யாரிடமும் அதுவரை சொல்லவில்லை.

ஜன்னலில் நான் சொன்னது, "பசிக்குது". அவ்வளவுதான். நீ ஒன்றும் பெரிதாக இழக்கவில்லை.

லீவில் என்னோடு வா, சேர்ந்து போய்ச் சொல்லலாம் என்று நீ கேட்கப் போகிறாய். நான் வரமாட்டேன். நான் வந்தால் நான்தான் பேசுவேன், நீ என் முதுகுக்குப் பின்னால் நிற்பாய். 'சாப்ட்டேன்' என்றது உன் வாய். அதுவே போகட்டும்.

பயமாக இருந்தால் இருக்கட்டும். அந்தம்மா சோறு ஆக்குவதை நிறுத்திவிட்டாங்க என்று எழுதியிருக்கிறாய். பரீட்சைக்கு மைக் வேண்டும் என்பதை இப்போதைக்கு விடு. இதற்காகப் போ.

ஜோதிமணி


மூக்கண்டப்பள்ளி
10.1.2026

என் ஜோதிமணிக்கு,

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், நீ பாதியில் கடைசிப் பக்கத்தைப் புரட்டும் ஜாதி. மைக் வந்துவிட்டது. நேற்றிலிருந்து குருமூர்த்தி சார் கழுத்தில். மீசைக்குள்ளிருந்து கணக்கு என் காதுக்கு நடந்து வருகிறது. கொஞ்சம் மூக்கடைத்த கணக்கு, ஆனாலும் கணக்கு.

நாகம்மா அம்மா அதைப் பையில் போட்டு எடுத்து வரவில்லை. தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு, தெரு சுற்றி, கேட் வழியாக, அசெம்ப்ளி நடக்கும்போது வந்தாங்க. ஸ்டாஃப் ரூமில் குருமூர்த்தி சார் நாற்காலியோடு பின்னால் போனார்.

"ஏன் சார் பயப்படறீங்க? இத்தனி மாசமா என் வூட்லதான் இருந்துச்சு. என்னை என்னா பண்ணிட்டுது, துணி தொவைக்கச் சொல்லுச்சா? பேசனது அவரு இல்ல சார், நான்தான். இந்தப் புள்ளைக்குக் கேட்டுது" என்று சொல்லி அவர் கையில் வைத்தாங்க. ஹெச்.எம். என்னைப் பார்த்தார். எனக்குக் கிடைத்தது தனிக் கதை, அதை எழுதினால் தபால்காரருக்கு முதுகு வலிக்கும். சாஜித்திடமும் உண்மையைச் சொல்லிவிட்டேன். அவன் நம்பவில்லை. வீட்டுப்பாடம் தொடர்கிறது.

இனி நடந்ததைச் சொல்கிறேன்.

அரையாண்டு லீவில் போனேன். காலை நேரம். அவங்க என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வா கண்ணு, ஏதாச்சும் சொன்னாரா?" என்றாங்க. நான் தயார் செய்துகொண்டு போன வாக்கியமெல்லாம் போயிற்று. "அம்மா, நான் வெளிய தெரு வாசல்கிட்ட போயி முதுகைத் திருப்பிட்டு நிக்கறேன். நீங்க இந்தச் சட்டைகிட்ட ரகசியமா ஏதாச்சும் சொல்லுங்க" என்றேன்.

போய் நின்றேன். ஹைவே பக்கம் பார்த்துக்கொண்டு. டிக். மூச்சு. பிறகு, "சாப்ட்டீங்களா?"

நான் தெருவைப் பார்த்தபடியே சத்தமாகச் சொன்னேன்: "சாப்ட்டீங்களா?"

நான் திரும்பவில்லை. இன்னும் மெல்லிய குரலில், "நீதானா?" என்று காதில் வந்தது.

"நீதானா" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. திரும்பிப் பார்த்து, "நான்தாங்கம்மா" என்றேன்.

உள்ளே போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். குடை, சாஜித், மரத்தடி, சாப்ட்டேன். அவங்க அழவில்லை, அதனால் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகப் படிக்க முடிந்தது.

"தலகாணி சொன்னதும் கேட்டியா?"

"கேட்டேங்கம்மா."

"ஆனந்தராஜ திட்டனது?"

"கேட்டேன்."

"ஏன்டி, மனுஷியா நீ?"

கதவைச் சாத்திவிட்டாங்க. மைக்கைப் பற்றி நான் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அந்தக் கதவு என் மேலேயே மோதியிருக்கும்.

பள்ளி திறந்தது. ஜன்னலோரம் உட்கார்ந்தேன். ஒன்றும் இல்லை. அணைத்துவிட்டாங்க. நான் விரும்பியது அதுதானே? ஆனால் மதியம் ஆனால் காது தானாக அந்தப் பக்கம் போய் நிற்கிறது. குரல் இருந்தபோது பயந்ததைவிட அந்த வெறுமைக்கு அதிகமாகப் பயந்தேன். குழாய் மேடையில் ஏறிப் பார்க்கலாமா என்று தோன்றியது. ஏறவில்லை.

வியாழக்கிழமை கணக்கு வகுப்பு தொடங்கும் நேரம், டிக்.

"ருக்ஸார்." முதல்முறையாக என் பெயர். "நீ அங்க இருக்கியோ இல்லியோ, எனக்குத் தெரியாது. இருந்தா கேளு. நாளைக்கு இதைக் கொண்டாந்து குடுக்கறேன். வருஷம் திரும்பாம அவரு சாமானைக் குடுக்கக்கூடாதுன்னு என் ஓரகத்தி சண்டைக்கு வர்றா. இது அவரு சாமானே இல்லியே, உன்னுது. ராத்திரில சார்ஜு போடறப்பல்லாம் 'ருக்ஸாருக்கு வேணும்'னுதான் சொல்லுவாரு. நான்தான் எதுக்குன்னு புரியாம வச்சிருந்தேன். ஆனந்தராஜ் ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துட்டு வர்றான். நான் போறேன்."

கொஞ்சம் நிறுத்தினாங்க. பதிலுக்கு இல்லை, தொண்டையைச் சரிசெய்ய.

"இன்னிக்கி ஒரு நாளு நான் அவர்கிட்ட பேசணும். இதுல பேசித்தான் பழக்கம். அணைச்சிட்டுப் பேசுனா சட்டைகிட்ட பேசற மாதிரி இருக்குது. நீ கேக்காத கண்ணு."

நான் ரெண்டு காது மெஷினையும் கழற்றி டெஸ்க் மேல் வைத்தேன்.

உனக்குத் தெரியும், அவை இல்லாமல் நான் எப்படி என்று. தண்ணீருக்கடியில் உட்கார்ந்திருப்பது மாதிரி. குருமூர்த்தி சார் என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். எல்லாத் தலையும் திரும்பியது. நான் எழுந்து நின்றேன். மறுபடி கேட்டார், மீசை மட்டும் அசைந்தது. சாஜித் மெஷினை எடுத்து என் கையில் திணித்தான். நான் திரும்ப டெஸ்க் மேல் வைத்தேன். சாருக்குக் கோபம். பீரியட் முடியும்வரை நிற்கச் சொல்லி சைகை காட்டினார். நின்றேன். ஜன்னலுக்கு வெளியே மதில் தெரிந்தது. மதிலுக்கு மேலே அவங்க வீட்டு ஓட்டில் ஒரு காக்கா வாயைத் திறந்து திறந்து மூடியது.

பெல் அடித்ததை எல்லாரும் எழுந்ததில் தெரிந்துகொண்டேன். அடுத்த பீரியட், அதற்கடுத்தது. ஒவ்வொரு வாத்தியாரிடமும் திட்டு. திட்டுவது மட்டும் மெஷின் இல்லாமலே புரிகிறது, அதிசயம். பள்ளி விட்டதும் கேட்டைத் தாண்டினேன். தெருமுனையில் கம்பெனி பஸ் நின்றது, பெண்கள் இறங்கினார்கள், எல்லார் வாயும் அசைந்தது. அங்கே மைக் எட்டாது, எனக்குத் தெரியும். மெஷின் பையில்தான் இருந்தது. கையை விட்டால் எடுத்து மாட்டிக்கொள்ளலாம்.

வீட்டில் அத்தா ஏதோ கேட்டார். தலையாட்டினேன். அம்மா என் காதைத் தொட்டுக் காட்டி, ஏன் என்று சைகையில் கேட்டாங்க. வலிக்குது என்றேன்.

அந்தம்மா என்ன பேசினாங்க என்று கேட்காதே, எனக்குத் தெரியாது. எப்போது பேசி முடித்தாங்க என்பதும் எனக்கு எப்படித் தெரியும், சொல்? அதனால் படுக்கும்வரைக்கும் நான் எதையும் மாட்டவில்லை.

ருக்ஸார்